தாங்குமா என்று கேட்ட மதாம்

ஒன்றைத் தாங்கி நிற்கிற எந்தப் பொருளையும் அந்த அம்மாள் நம்பியதில்லை. எங்கள் பட்டறைக்கு முதன்முதலாக வந்த அன்று, உட்காரட்டும் என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை. குனிந்து ஸ்டூலின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாங்குமா?" என்றார். ஒல்லியான உடம்பு. அன்று காலையில்தான் அதே ஸ்டூலின்மேல் ஏறி நின்று நான் பல்பு மாட்டியிருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கடைசிவரை நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்.

நான் அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலையில் இருந்தேன். பிரெஞ்சுக் காசு பிராங்கு போய் யூரோ வந்த புதிது. பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிற வீடுகளில் எல்லாம் அதே பேச்சாக இருந்தது. பட்டறை பாயுடையது. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் எங்கள் வேலை. வருகிறவர்களிடம் பாய் பேசுவார், நான் பற்றவைப்பேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் மட்டும் இல்லை, அதற்கு முன்பும் வராது. முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவரை எல்லோரும் முசியே என்று கூப்பிட்டதால் இவரை மதாம் என்று கூப்பிட்டோம். வீடு சாரம் என்கிற பகுதியில். ஒரே பிள்ளை பாரிசில்.

மதாமின் பயம் சாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பயம். கடைத்தெருவில் நடந்தால் பெயர்ப் பலகைகளுக்கு அடியில் போக மாட்டார். ரோட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார். பின்னால் பஸ் ஆரன் அடித்தாலும் கவலைப்பட மாட்டார். பஸ்ஸில் ஓட்டுகிறவனுக்குக் கண் இருக்கிறது, பலகைக்குக் கண் இல்லை என்பார். மாதா கோயில் திருவிழாவில் ஒரு வருஷம், தேர் கிளம்புகிற நேரத்தில் விளக்கு வளைவைக் கட்டியவன் யார் என்று விசாரித்து, அந்த ஆளைத் தேடிப் பிடித்து, முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தாராம். அதுவரை சாமியார் தூபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாராம்.

பிரான்சில் பத்து வருஷம் ஐந்தாவது மாடியில் குடியிருந்தும் இவர் ஒருநாள்கூட பால்கனியில் கால் வைத்ததில்லை என்று முசியே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். துணியைக்கூட உள்ளே நின்றபடி ஒரு கம்பால் நீட்டித்தான் காயப்போடுவாராம். அத்தனை வருஷத்தில் இவர் அங்கிருந்து கொண்டுவந்த பிரெஞ்சு ஒரே ஒரு வார்த்தைதான். ஏணியில் ஏறுகிறவன், மாடிக்குத் தண்ணீர் டாங்கி ஏற்றுகிறவன், யாராக இருந்தாலும் கீழே நின்று "அத்தான்சியோன், அத்தான்சியோன்" என்பார். ஜாக்கிரதை என்று அர்த்தம். ஏறுகிறவனுக்கு அது தெரியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் கை தானாக இறுகும். எனக்கு இறுகியிருக்கிறது.

பாய்க்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ள வராது. ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார். உங்க வீட்டில் யாராவது எதிலாவது மாட்டிக்கொண்டார்களா என்று. மதாம் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை.

"எங்க வூட்ல இதுவரிக்கும் யாரு மேலயும் எதுவும் வுழல பாய். இனிமேட்டும் வுழக் கூடாது. அதான்."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் பயம் உண்டு. என் பயத்தை நான் ஒளித்து வைத்திருந்தேன், அவர் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதையும் ஒரு கூச்சமும் சேர்ந்து வரும்.

முசியேவிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. வெள்ளை நிறம், பழையது. பட்டாளத்தில் வண்டிப் பிரிவில் இருந்தவர் என்பதால் எந்த மெக்கானிக்கையும் அதைத் தொட விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கால்சட்டையை மாற்றிக்கொண்டு, வீட்டு முன்னால் சிமெண்டுத் தரையில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்துவிடுவார். வெளியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். அவர் அடியில் இருக்கிற நேரம் முழுவதும் மதாம் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பாதங்களோடு பேசுவார்.

கிரில் அளவெடுக்க அந்தத் தெருவுக்குப் போன நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் பேச்சு இல்லை. மீன்காரி இன்று என்ன கொண்டுவந்தாள், தேங்காய் எத்தனை உரிக்க வேண்டும், எதிர்வீட்டு நாய் ஏன் குரைக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து ஊம் என்றோ சரி என்றோ பதில் வரும். பதில் வரத் தாமதமானால் அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்பார். பார்க்கிறவர்கள் இந்த அம்மாள் மனுஷனை ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். முசியேவும் அப்படித்தான் நினைத்தார் என்று நினைக்கிறேன். குரல் வருகிறவரை ஆள் இருக்கிறான் என்று மதாம் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு எப்படியோ புரிந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

முசியே வண்டியை ஜாக்கியால் தூக்கியபின் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்துவார். அதைத்தான் பட்டறைக்கு வந்து மதாம் பாயிடம் சொன்னார். கல் உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பாயும் முதல்முறையாகச் சிரிக்காமல் பதில் சொன்னார். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தூக்கியதை அப்படியே வைத்திருப்பதற்கு இல்லை, உள்ளே எண்ணெய் கசிந்தால் தானாக இறங்கிவிடும். செங்கல் எப்போது வெடிக்கும் என்று செங்கலுக்கே தெரியாது. கார் வேலைக்கென்று இரும்பில் ஸ்டாண்டு இருக்கிறது, இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் இருப்பது பிடிக்காவிட்டால் நாங்களே செய்து தருகிறோம் என்றார். மதாம் அதைக் கேட்டுக்கொண்டு போய் ஒரு மாதம் முசியேவின் உயிரை வாங்கியிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் அதே காரில் பட்டறைக்கு வந்தார்கள்.

அன்று பாய் இல்லை. கல்யாணத்துக்காக விழுப்புரம் போனவர் திங்கட்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். போகும்போது, முசியே வந்தால் என்ன கேட்கிறாரோ செய்து கொடுத்துவிடு, நல்ல மனுஷர் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

முசியே டிக்கியைத் திறந்து உள்ளேயிருந்து கனமான இரண்டு இரும்புத் தூண் துண்டுகளை எடுத்து வைத்தார். உள்ளே கூடாக, வெளியே வரிவரியாக, கழுத்தில் பூ வேலையோடு இருந்தன. கடற்கரைப் பக்கத் தெருவில் ஒரு பழைய வெள்ளைக்காரர் வீட்டை இடித்தபோது பால்கனியைத் தாங்கி நின்ற தூண்களாம். இடிக்கிறவர்களிடம் கேட்டு வாங்கிப் பல வருஷமாக வீட்டில் வைத்திருந்திருக்கிறார். இதை ஒரு அடி உயரத்துக்கு அறுத்து, கீழே சதுரத் தகடும் மேலே வண்டி உட்கார வளைந்த பட்டையும் வைத்து, ஸ்டாண்டாகச் செய்ய வேண்டும் என்றார்.

"நூறு வருஷம் ஒரு வூட்டயே தாங்குன இரும்பு. இந்த சின்னக் கார் இன்னா கனம் கனக்கப் போவுது?"

"பால்கனி இரும்பா?" என்றார் மதாம், அதுதான் மிச்சம் என்பதுபோல. முசியே சிரித்தார்.

நான் அறுக்கத் தொடங்கினேன். தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. சாதாரண இரும்பை அறுத்தால் பொறி நீளமாக, வெளிச்சமாக, பூவாகச் சிதறும். இதில் குட்டையாக, மங்கிய சிவப்பில் வந்து அங்கேயே அணைந்தது. தூள் கையில் ஒட்டிப் பென்சில் கரிபோல் தேய்ந்தது. வார்ப்பிரும்பு. அச்சில் ஊற்றி வார்த்தது. அப்படியே நிமிர்ந்து நின்று பாரம் சுமக்கச் சொன்னால் இருநூறு வருஷமும் சுமக்கும். ஆனால் வளையாது, அதிர்ச்சி தாங்காது, எங்கள் பட்டறையில் இருக்கிற சாதாரண ராடால் பற்றவைத்தால் பிடித்ததுபோல் காட்டிவிட்டு விட்டுவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மெஷினை நிறுத்திவிட்டு, "முசியே, இது வந்து" என்றேன்.

"இன்னா, அறுக்க மாட்டேங்குதா? அதான் சொன்னேன். அந்தக் காலத்து இரும்பு அப்பிடித்தான் இருக்கும். பொறுமையா அறு," என்றார்.

அவ்வளவுதான். என் வாயில் இருந்தது அந்த மூன்று வார்த்தைகளோடு தீர்ந்துவிட்டது. அவர் உயரமாக, சலவைச் சட்டையில், தன் இரும்பைப் பற்றிச் சந்தோஷமாக நின்றார். அந்தச் சந்தோஷத்தைக் குறுக்கே போய் நிறுத்துகிற சத்தம் எனக்குள் இல்லை. நான் கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

பற்றவைத்த இடத்தை நாங்கள் பற்று என்போம்; அது பார்வைக்கு அழகாக விழுந்தது. இரண்டையும் தரையில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றேன். முசியே தெருவில் நின்று வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு ஸ்டாண்டிலிருந்து டிக் என்று கேட்டது. நகத்தால் கண்ணாடியைச் சுண்டியதுபோல. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். பற்றின் ஓரமாக வார்ப்பு விரிசல் விடுகிற சத்தம் அது.

மதாம் என் பக்கம் திரும்பினார்.

"அது இன்னா சத்தம் தம்பி?"

"சூடு ஆறுது மதாம்," என்றேன்.

பொய் இல்லை. சூடு ஆறத்தான் செய்தது. அவர் ஸ்டாண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தாங்குமா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. முசியே துணியால் பிடித்து இரண்டையும் டிக்கியில் வைத்துக்கொண்டு, மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை எத்தனை மணிக்கு முடியும், முசியே வீட்டுக்கு வந்து கால்சட்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று ராத்திரி முழுவதும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் குளிக்காமல்கூட சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு வந்ததும் வார்த்தை மாறிப்போனது.

தெரு முனை திரும்பியபோதே சத்தம் கேட்டது. சுத்தியால் இரும்பை அடிக்கிற சத்தம். கார் முன்பக்கம் தூக்கி நின்றது. இரண்டு ஸ்டாண்டும் இரண்டு பக்கமும். முசியே ராத்திரியே அவற்றுக்கு வெள்ளிப் பெயிண்டு அடித்திருந்தார், பளபளவென்று இருந்தன. விரிசல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. வெளியில் இரண்டு பாதங்கள். உள்ளே ஏதோ துருப்பிடித்த போல்ட்டை அவர் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் வண்டி லேசாக அதிர்ந்தது.

"கருவேப்பில தீந்துபோச்சி, எதிர்வூட்ல கேக்கட்டா?" என்று மதாம் பாதங்களைக் கேட்டார்.

"கேளு."

அடி. மறுபடி அடி.

நான் சைக்கிளோடு எதிர்ச் சுவர் ஓரமாக நின்றேன். கத்த வேண்டும். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு மனுஷன் சாகப் போகிறான் என்று தெரிந்தும் தெருவில் சத்தம் போடக் கூச்சப்படுகிறவன் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்று என்னைக் காட்டலாம். மதாம் என்னைப் பார்த்துவிட்டார். என் முகம் எப்படி இருந்ததோ, அவர் முகம் மாறியது. நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய், காதோடு சொல்வதுபோல், "அவர வெளிய வரச் சொல்லுங்க மதாம்," என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. வண்டியைத் தொடவும் இல்லை. கறிவேப்பிலையைக் கேட்ட அதே குரலில், அவசரமே இல்லாமல் பாதங்களிடம் சொன்னார்.

"இன்னாங்க, பாரிசுலேர்ந்து புள்ள போன் பண்ணியிருக்கான். லைன்லயே இருக்கான். வந்துட்டுப் போங்க."

போன் எதுவும் வரவில்லை. பயமாக இருக்கிறது வெளியே வாருங்கள் என்று அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பார். அதற்கு முசியே வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

முசியே நகரத் தொடங்கினார். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக. காருக்கு அடியிலிருந்து வருகிறவனுக்குத் தலைதான் கடைசியாக வரும். அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. மதாமின் உதடு அசைந்துகொண்டிருந்தது. தலை வெளியே வந்ததும் முசியே எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். மதாம் என் பக்கம் திரும்பினார்.

"இரும்பு வார்ப்பு மதாம். பத்த வச்சா நிக்காது," என்றேன். அதற்குமேல் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "பாய் சொன்னாரு."

பாய் விழுப்புரத்தில் இருந்தார்.

முசியே கோபமாகத் திரும்பி வந்தார். மதாம் நான் சொன்னதை அப்படியே சொன்னார். அவர் நம்பவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளை உருவி, சக்கரங்களைத் தரையில் இறக்கினார். ஒரு ஸ்டாண்டை எடுத்துத் தரை நடுவில் வைத்து, அதன் கால்பக்கம் சுத்தியால் ஓங்கி அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்தார். இரண்டாவது அடி. ஒன்றும் ஆகவில்லை. தாங்கிவிட்டால் நல்லது என்று ஒரு மனம், தாங்கிவிட்டால் எப்படி முகத்தில் விழிப்பது என்று ஒரு மனம். மூன்றாவது அடியில் தகடு தனியாக வந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. கழுவுகிறபோது கையிலேயே இரண்டாகிவிடுகிற கண்ணாடி டம்ளர் மாதிரி.

மதாம் உடைந்த துண்டைக் கையில் எடுத்தார். உடைந்த வாய் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். பாதிக்குமேல் வெள்ளியாக இருந்தது. ராத்திரி அடித்த பெயிண்டு விரிசலுக்குள் இறங்கியிருந்தது. பெயிண்டு எவ்வளவு தூரம் போயிருந்ததோ அவ்வளவு தூரம் அது முன்னமே விட்டுப்போயிருந்தது. மீதி இருந்த சாம்பல் துண்டில்தான் காரும், அதற்கு அடியில் முசியேவும் இருந்திருக்கிறார்கள். மதாம் அந்த வெள்ளி வளையத்தில் விரலை வைத்து ஓட்டினார். சாம்பல் தொடங்குகிற இடத்தில் விரல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

முசியே படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. பிறகு எழுந்து வந்து என் தோளில் தட்டி, ஞாயித்துக்கிழமையும் சைக்கிள் மிதிச்சி வந்தியே தம்பி, பாய் ஆளுங்கன்னா ஆளுங்கதான் என்றார். அந்தத் தட்டு எனக்கு அடி மாதிரி விழுந்தது.

அவர் பாய்க்கும் போன் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பாய் வந்ததும், "நான் எப்படா சொன்னேன்?" என்றார். நான் ராடு எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இன்னும் பயமாக இருந்தது.

அந்த வாரமே மதாம் வந்து, கடையில் ஸ்டாண்டு வாங்க என்னைக் கூட அனுப்பும்படி பாயிடம் கேட்டார். பாய் தானே வருகிறேன் என்றதற்கு வேண்டாம், தம்பி போதும் என்றார். நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடைக்கு ஆட்டோவில் போனோம். வழியில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாத மதாமை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார். முதலாவதின் கால்கள் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. ஒரு காலை விரலால் அழுத்தினேன், உள்ளே போய் வந்தது. இரண்டாவது பல் வைத்தது, பிடியைத் தூக்கினால் உயரம் ஏறும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பல் பாதிதான் கடித்தது. பற்றின்மேல் பெயிண்டு தடித்திருந்த இடத்தைச் சைக்கிள் சாவியால் சுரண்டினேன். அடியில் பற்று பாதியில் நின்றிருக்க, மீதிக் குழியில் பெயிண்டர்கள் ஓட்டை அடைக்கிற லப்பத்தைப் பூசியிருந்தார்கள்.

"ரெண்டு டன் தாங்கும்னு எழுதியே இருக்குது பாருங்க," என்றார் கடைக்காரர்.

"எழுதுனவன் அடியில படுத்தானா?" என்றார் மதாம்.

மூன்றாவது அழகில்லாதது. தடித்த குழாய்க்குள் இன்னொரு குழாய், பக்கவாட்டில் ஓட்டைகள், குறுக்கே பெருவிரல் கனத்துக்கு ஒரு பின். பின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது, நழுவாமல் இருக்க நுனியில் கொக்கியும் இருந்தது. கால்கள் நன்றாக அகன்றிருந்தன. தரையில் வைத்து ஆட்டினேன், நாலு முனையும் உட்கார்ந்தது. பற்று சுற்றிலும் ஓடியிருந்தது. சுரண்டினால் இரும்புதான் வந்தது. பட்டறையில் பாரம் தூக்க நாங்கள் வைத்திருக்கிறதைவிடக் கெட்டி. இதே மாதிரி இன்னொன்று கேட்டு வாங்கி, அதையும் அதேபோல் சுரண்டினேன்.

மதாம் எதையும் கையால் தொடவில்லை. ஆட்டிப் பார்க்கவில்லை.

"இதுவா?" என்றார்.

"இது மதாம்."

"நீ சொல்ற."

"ஆமாம் மதாம்."

அந்த ஆமாமைச் சொல்லிவிட்டு இரண்டு ஸ்டாண்டையும் நானே தூக்கி ஆட்டோவில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தார். போனேன். முசியே பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியைத் தூக்கி, புது ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினார். ஜாக்கியையும் எடுக்காமல் லேசாக முட்டும்படி விட்டார். நானும் அவரும் இரண்டு பக்கமும் நின்று வண்டியைப் பிடித்து ஆட்டினோம். ஸ்டாண்டு அசையவில்லை. முசியே தரையில் சாக்கை விரித்தார்.

"நீங்க இருங்க. தம்பி படுக்கட்டும்," என்றார் மதாம்.

"அவன் எதுக்கு?"

"அவந்தான பொறுக்கினான்."

முசியேவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மதாம் சிரிக்கவில்லை. நான் சாக்கில் உட்கார்ந்து, படுத்து, முதுகால் நகர்ந்து உள்ளே போனேன். சின்னக் கார் என்று வெளியில் நின்று சொல்லிவிடலாம். அடியில் படுத்தால் சின்னக் கார் என்று ஒன்று கிடையாது. மூக்குக்கு ஒரு சாண் மேலே கறுப்பாக, எண்ணெய் ஈரத்தோடு, வெயிலையே மறைத்துக்கொண்டு அது இருந்தது. நான் சுரண்டிப் பார்த்த பற்று, நான் நுழைத்துப் பார்த்த பின், எல்லாவற்றையும் மறுபடி மனதில் பார்த்தேன். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டேனோ என்று தோன்றியது. மூச்சை இழுத்தால் நெஞ்சு இரும்பில் இடிக்கும்போல இருந்தது.

மதாம் முசியேவை எதற்கோ வீட்டுக்குள் அனுப்பினார். பிறகு அவருடைய நீலச் செருப்புகள் என் கால்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"தம்பி."

"மதாம்."

"அன்னிக்கிப் பட்டறையில ரெண்டு வாட்டி சத்தம் கேட்டுதே."

"ஆமாம் மதாம்."

"அது வுட்டுப்போற சத்தம்னு அப்பவே தெரியுமா உனக்கு?"

பாய் பெயர் நாக்கின் நுனிவரை வந்தது. செருப்புகளைப் பார்த்தேன். அவை காத்திருந்தன.

"தெரியும் மதாம்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அவர் அழுகிறாரா, ஜாக்கிப் பக்கம் பார்க்கிறாரா, அடியிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சொல்லி முடிந்துவிட்டது, இனி போகலாம் என்று நினைத்துக் குதிகாலை ஊன்றி மெதுவாக வெளியே நகர்ந்தேன்.

"எங்க வர்ற? இன்னும் கொஞ்ச நேரம் படு," என்றார்.

குரலில் கோபம் இல்லை. நான் மறுபடி உள்ளே நகர்ந்து படுத்தேன். வீட்டுக்குள்ளிருந்து முசியே, கேட்ட பொருள் எங்கே வைத்திருக்கிறது என்று இரண்டு முறை சத்தமாகக் கேட்டார். மதாம் அவருக்குப் பதில் சொல்லவில்லை. செருப்புகள் நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை.